சத்தம் பழசு, அமைதிதான் கண்டுபிடிப்பு: கார் சைலன்சரின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய மாணவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம். படித்ததும் அவருக்கே தெரியும். கிளம்பும்போது, "சார், சைலன்சரை மாத்தியிருக்கேன், கேளுங்க" என்று காரை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினார். ஜன்னல் கதவு அதிர்ந்தது. எதிர்வீட்டு அம்மா விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய், உப்பு வாரிவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தார். திடுக்கிட்டு வாசலுக்கு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

"இதுதான் சார் இன்ஜினோட ஒரிஜினல் சத்தம். கம்பெனிக்காரன்தான் அடைச்சு வச்சிருக்கான்" என்றார் மாணவர்.

பத்திரிகை வைக்க வந்த பிள்ளையிடம் வாசலில் நின்று பாடம் நடத்த மனம் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது உண்மைதான். சத்தம்தான் ஒரிஜினல். அதை அடக்கத்தான் மனிதன் மூளையைச் செலவழித்தான்.

கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது 1886-ல். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் அழுத்தம் மிகுந்த சூடான வாயு ஒரே பாய்ச்சலாக வெளியேறும். அதுதான் வெடிச்சத்தம். நான்கு சிலிண்டர் கார் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், நொடிக்கு 100 வெடி! அன்றைய தெருக்களில் குதிரை வண்டிகளே அதிகம். இந்தச் சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. 1897-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கொலம்பஸ் என்ற ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் புகைபோக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

உள்ளே பெரிய மாயமில்லை. சில அறைகள், ஓட்டை போட்ட குழாய்கள். வாயு ஓர் அறையில் விரிந்து வேகம் தணியும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் எதிரே வரும் ஒலியும் மோதி ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். குளத்தில் இரண்டு கல் போட்டு அலைகளைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதே பாடம்தான்.

இன்னொரு வேடிக்கை. எந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் கடைசியில் காது கேளாமல் போனவர். அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான் 1909-ல் துப்பாக்கிக்கு சைலன்சர் காப்புரிமை பெற்றார். அப்பா சத்தம் போட்டார், பிள்ளை அடக்கினார்!

சத்தத்தின் மீதான ஆசையும் அன்றே உண்டு. 1910-களின் கார்களில் 'கட்-அவுட்' என்று ஒரு விசை இருந்தது. காலால் அழுத்தினால் வாயு சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். வேகம் கூடும் என்று நம்பினார்கள். ஊர்க்காரர்கள் தொல்லை தாங்காமல் பல அமெரிக்க நகரங்கள் அதற்குத் தடை போட்டன. நம் தம்பி புதுமை என்று நினைப்பதற்கு வயது 100-க்கு மேல்.

அவரை மட்டும் சொல்வானேன்? நானும் யோக்கியன் இல்லை. 1980-களின் கடைசியில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்கினேன். திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி சைலன்சரின் உள் குழாயை உருவினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. ஒரு மாதம் கழித்து, உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் டீக்கடையில் மெதுவாகச் சொன்னார்: "வாத்தியாரே, நீங்க ராத்திரி வீடு திரும்புறது எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுடுது. கைக்குழந்தை முழிச்சுக்குது. நாங்க மூணு மணிக்கு எழுந்திரிக்கணும்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாளே குழாயை மாட்டினேன்.

ஒரு காலத்தில் நம் மரக்காணத்து உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சத்தமில்லாமல் சென்னைக்குப் போனது. 2002-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது. நல்லதுதான். ஆனால் சனி இரவுகளில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பறக்கும் வண்டிகளின் சத்தத்தை, அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள்தான் தூக்கத்தைக் கொடுத்து வாங்குகிறார்கள். அருகிலேயே கழுவேலி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா மோட்டார் வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 120. ஒலி அளவை மீறினால், 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும்கூட. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி வரம்பு 45 டெசிபல். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு என்பதை மறக்க வேண்டாம். சைலன்சரோடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றினால் நச்சுப்புகையும் சேரும். 1995-ல் சென்னை உட்பட 4 பெருநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது சும்மா அல்ல.

நம் உப்புக்காற்றில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் அது யார் குற்றமும் இல்லை. வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து ஓட்டை போடுவதுதான் வருத்தம்.

தம்பி, உன் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். கம்பெனி சைலன்சரை மறுபடி மாட்டிவிட்டு, அதே காரில் வந்து என்னை அழைத்துப் போ. வரும்போது எதிர்வீட்டு அம்மாவுக்கும் ஒரு பத்திரிகை எடுத்துவா.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்