கலிங்கத்துப்பரணி சொல்லாமல் விட்டது

வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே, கடனீரேரி கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலால் அறியப்பட்ட இவ்வூரின் பெயருக்குப் பின்னால் ஒரு படைத்தளபதி இருக்கிறான் என்பது யாழ்ப்பாணத்து மரபு. முதலாம் குலோத்துங்க சோழனின் தளபதியான கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றும் கலங்கள் வந்துபோக இந்த நீர்வழியை வெட்டுவித்தான் என்று அம்மரபு சொல்கிறது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தின் மீது படை நடத்தி வென்றவனும் இந்தக் கருணாகரனே. அந்த வெற்றியைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். தமிழின் மிகப் புகழ்பெற்ற போர் இலக்கியங்களில் அது ஒன்று. பரணிக்குத் தோற்றவரின் பெயரை வைப்பது வழக்கம். ஆனால் தோற்றவரின் துயரம் அதன் பொருளல்ல. பசித்த பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. உயிர்தப்ப வேடம் மாற்றி ஓடும் கலிங்க வீரர்கள் நகைப்புக்கு உள்ளாகிறார்கள். வென்ற பக்கத்தில் ஒரு வீரனாவது வீடு திரும்பித் தூக்கமின்றிக் கிடந்தான் என்று பரணி சொல்வதில்லை. வெற்றிப் பாட்டில் அதற்கு இடமில்லை.

அதே கலிங்கத்தை 1,300 ஆண்டுகளுக்கும் முன்னர் அசோகன் வென்றிருந்தான். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டனர் என்று அவனது 13ஆம் பாறைக் கல்வெட்டு கணக்குச் சொல்லி வருந்துகிறது. வென்ற அரசன் ஒருவன் தன் குற்றத்தைத் தானே எழுதி வைத்த அரிய சான்று அது. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்தக் கல்வெட்டு இல்லை. மக்களை நீதியோடு நடத்துமாறு அதிகாரிகளுக்கு இடப்பட்ட வேறு ஆணைகளே அங்கு பொறிக்கப்பட்டன. வருத்தம் பிற இடங்களில் வாசிக்கப்பட்டது. உறவுகளை இழந்தவர்களின் மண்ணில் அது எழுதப்படவில்லை.

போர் முடிந்த பின்னரும் படைவீரனை விடாத நினைவை மருத்துவம் தனி நோயாக ஏற்றது வியட்நாம் போருக்குப் பிறகே. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதைத் தன் கையேட்டில் சேர்த்தது. நமது உளமருத்துவர்கள் அதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறார்கள். பஸ்ராவில் பணியாற்றிய ஒரு பிரித்தானிய வீரரின் வாக்குமூலத்தை ஆங்கிலக் கவிஞர் சைமன் ஆர்மிடேஜ் 'ரிமெய்ன்ஸ்' என்ற கவிதையாக்கினார். சுடப்பட்டவன் ஆயுதம் வைத்திருந்தானா என்பது சுட்டவனுக்குக் கடைசிவரை தெரியாது. மதுவாலும் போதையாலும் அந்த உருவத்தை விரட்ட முடியவில்லை. எனினும் அங்கும் இறந்தவனுக்குப் பெயரில்லை. அவன் வீட்டாருக்குக் குரலில்லை.

ஈழத்துப் போர்க்கவிதை பெரும்பாலும் அடிபட்டவர்களின் பக்கத்திலிருந்தே எழுந்தது. 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டபோது எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை', குற்றத்தை இரவோடிரவாக மறைப்பவர்களைக் காட்டியது. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு, சாவின் நடுவே வாழ்ந்தவர்களின் குரலானது. ஆயுதம் ஏந்தியவரின் மனச்சாட்சி கவிதையைவிட உரைநடையிலேயே கூடுதலாக வெளிப்பட்டது. இயக்கத்துக்குள் நடந்த கொலைகளைக் கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இலேயே பேசியது. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவரது மறைவுக்குப் பின் 2016இல் வந்தபோது கடும் விவாதம் எழுந்தது.

அந்த விவாதத்தின் வலி நமக்குப் புரியாததல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கு, சுட்டவனின் தூக்கமின்மை ஆறுதல் தராது. குற்றவுணர்வு நீதியுமல்ல, நீதிக்கு ஈடுமல்ல. ஆனாலும் ஒரு படைவீரன் தான் கண்டதையும் செய்ததையும் எழுதும்போது, அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்ற பொய் உடைகிறது. அந்த அளவில் அவனது கவிதை ஒரு சாட்சியம். சிங்களத்தில் எழுதப்படும் அத்தகைய சாட்சியம் தமிழில் வரவேண்டும். நம்மவர் கையால் நடந்தவற்றுக்கும் இது பொருந்தும். தௌலிப் பாறையில் விடுபட்டதுபோல, இழந்தவர்களின் மண்ணிலும் மொழியிலும் அது விடுபட்டுப் போகக்கூடாது.