கோவேறுகழுதைப் பாதையும் குழந்தைகளின் நோயும்

குழந்தைகளின் மூளையில் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வருவன அல்ல. ஒரு சிறு பகுதியே பரம்பரையலகு வழியாக வருகிறது. அச்சிறு பகுதியைப் பற்றிச் சொன்ன மாத்திரத்தே 'குலத்திலுள்ள குறை' எனத் தாயை நோக்கி விரல் நீட்டுவோர் உளர். அத்தகையோர் முன் தென் பிரேசிலின் கதையொன்றை வைக்க விரும்புகின்றோம்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான லீ, பிரோமெனி ஆகிய இருவரும் நான்கு குடும்பங்களை ஆராய்ந்தனர். பிள்ளைகளுக்குத் தசையிற் கட்டியும் இளந்தாய்மாருக்கு மார்புப் புற்றும் ஒரே குடும்பத்திற் சேர்ந்து வருவதை அவர்கள் கண்டனர். மூளைக் கட்டியும் அதிரீனற் சுரப்பிக் கட்டியும் இந்நோய்க் கூட்டத்தைச் சேர்ந்தவையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. காரணம் 1990இல் வெளிப்பட்டது. பழுதுற்ற கலம் பெருகாது தடுக்கும் 'பீ-53' என்னும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு இக்குடும்பங்களில் விகாரமுற்றிருந்தது.

தென் பிரேசிலிலோ குழந்தைகளின் அதிரீனற் கட்டி பிற நாடுகளிலும் பார்க்கப் பத்து முதற் பதினைந்து மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. வயல்களிற் கொட்டப்பட்ட பூச்சிகொல்லிகள் மீது ஐயம் எழுந்தது. (அந்நஞ்சுகளுக்கு நாம் நற்சான்று வழங்க வரவில்லை, வேளாண் தொழிலாளரை அவை வதைப்பது வேறு கதை.) 2001இல் வெளியான ஆய்வில், இக்கட்டியுற்ற 36 குழந்தைகளுள் 35 பேரிடம் ஒரே விகாரம் இருந்தது. 393 அமினோவமிலங்கள் கோத்த அப்புரதத்தில் 337ஆவது மட்டுமே மாறியிருந்தது. மூளையின் அறைகளுள் நீர் சுரக்கும் பின்னலிற் பிறக்கும் கொடிய புற்றுக்கும் அதே விகாரமே அங்கு பல குழந்தைகளிற் காரணமாயிருந்ததும் பின்னர் அறியப்பட்டது.

தொடர்பற்ற குடும்பங்களுக்கு ஒரே எழுத்துப் பிழை எங்ஙனம் வந்தது? விகாரத்தைச் சூழ்ந்த பகுதிகளும் ஒத்திருந்தமையால், யாவரும் ஒரு மூதாதையின் வழியினர் என்றும், அம்மூதாதை ஐரோப்பிய, பெரும்பாலும் போர்த்துக்கேய வழியினர் என்றும் ஆய்வாளர் கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே மினாஸ் சுரங்கங்களில் ஆபிரிக்க அடிமைகள் தோண்டிய பொன்னைச் சுமக்கக் கோவேறுகழுதைகள் தேவைப்பட்டன. தெற்கின் புல்வெளிகளிலிருந்து சொரொகாபாச் சந்தைக்கு அவற்றை ஓட்டிவந்தோர் வழிநெடுகத் தங்கினர், மணந்தனர், ஊர்களை அமைத்தனர். விகாரம் பரவிய பிரதேசமும் இவ்வணிகப் பாதையும் ஒத்திருத்தலால், இவர்களே அதனைப் பரப்பினர் என்ற கருத்துண்டு. முடிந்த முடிபன்று, ஆயினும் பொருத்தமானது.

இங்கே ஒரு வேடிக்கை. 1918இல் சாவோ பாவுலோவில் 'இனமேம்பாட்டு'ச் சங்கம் தோன்றியது. ஐரோப்பியக் குருதி கலந்தாலே நாடு உயரும் என்பது அக்கால மேல்வகுப்பாரிற் பலரது நம்பிக்கை. இந்த விகாரமோ, அவர்கள் போற்றிய அதே குருதியில் வந்தது!

பரணா மாநிலத்திற் பெற்றோருக்குப் பரிசோதனை வாய்ப்பளிக்கப்பட்டு, 171,649 சிசுக்களின் குருதி சோதிக்கப்பட்டது. 461 சிசுக்கள் விகாரத்தைத் தாங்கியிருந்தனர். 2013இல் வெளியான முடிவு இது. தாங்கியோரில் மிகப் பலர் கட்டியேதுமின்றியே குழந்தைப் பருவத்தைக் கடப்பர். கண்காணிப்புக்கு வந்த பிள்ளைகளிற் கட்டி தோன்றியபோது, அது சிறிதாயிருக்கையிலேயே கண்டு சத்திரசிகிச்சையால் அகற்ற முடிந்தது.

அதிரீனற் கட்டியைக் காணக் குருதிச் சோதனையும் ஒலியலைப் படமும் போதும், செலவு சிறிது. மூளையில் வளர்வதைக் காண எம்.ஆர்.ஐ. இயந்திரம் வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். ரொறன்ரோ வைத்தியர் வகுத்த கண்காணிப்பு முறையின் பலன் 2016இல் வெளியாயிற்று: இத்தகைய பரம்பரை விகாரமுடையோரில், அம்முறைக்கு உட்பட்டோருள் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் ஏறத்தாழ 89 வீதம், உட்படாதோருள் 60 வீதம். சுகாதாரம் யாவரதும் உரிமை எனப் பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு கூறுகிறது. இயந்திரங்களோ பெருநகரங்களிலும் தனியார் வைத்தியசாலைகளிலுமே குவிந்துள்ளன. கழுதைப் பாதையோரத்துச் சிற்றூர்த் தாய், பிள்ளையின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலிற் பதிந்துவிட்டு வீடு திரும்புகிறாள்.