பழைய வீடும் தொல்பொருட் சட்டமும்: திருகோணமலையிலிருந்து சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிரட்ரிக் கோட்டையோடு நின்றுவிடுகிறார்கள். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டைக்கு அரசின் காவல் உண்டு. கோட்டைக்கு வெளியே, ஓட்டுக்கூரையும் திண்ணையுமாக நிற்கும் தனியார் வீடுகளுக்கும் வணிகரின் பழைய கடைகளுக்கும் யார் காவல்?

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே புராதனம் என்று கொள்கிறது. அது கண்டி ஒப்பந்தத்தின் நாள். திருகோணமலையோ 1795இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கண்டியின் நாளை இந்தக் கரைக்கும் அளவுகோலாக வைத்தால், நம் முன்னோர் அதற்குப் பின் கட்டிய வீடு தானாகப் பாதுகாப்புக்குள் வராது. அமைச்சர் வர்த்தமானியில் தனிக் கட்டளை பிறப்பித்தால்தான் வரும்.

அப்படி அறிவித்தாலும் உறுதி உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். திருத்தவோ மாற்றவோ திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆனால் நம்மூரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்? "தொல்பொருள் போர்ட் நட்டானென்டா வளவு நமக்கில்ல மகன்" என்றார் கிண்ணியாவில் ஒரு மூத்தவர். அந்தப் பயம் வீண் பயமல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று அமைத்த சனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. ஆனாலும் பயத்தில் பழைய வீட்டை இடிப்பவர், தம் குடும்பம் இங்கே வாழ்ந்ததற்கான சாட்சியையும் சேர்த்தே இடிக்கிறார்.

அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு நல்லூர் மந்திரி மனையே உதாரணம். தனியார் உரிமையில், சட்டப் பாதுகாப்போடு இருந்த அக்கட்டடத்தின் ஒரு பகுதி 2025 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. இடிக்காதே என்று சட்டம் சொல்லும். ஒழுகும் கூரைக்கு யார் செலவழிப்பது என்பதை அது தீர்ப்பதில்லை.

காலிக் கோட்டையின் கதை வேறு. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் அவ்விடம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் அதற்கென ஒரு மரபுரிமை மன்றம் சட்டத்தால் அமைந்தது. நெதர்லாந்து உதவியோடு தனியார் வீடுகளும் திருத்தப்பட்டன. வீடுகள் தப்பின. ஆனால் காணி விலை ஏற ஏற, பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேறின.

இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடையில் நமக்கொரு வழி உண்டு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டப்படி பதிவாகும் வக்பு அது. வக்பாகிவிட்ட சொத்தை நினைத்தபடி விற்க முடியாது. அதன் வாடகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். எல்லாக் குடும்பத்துக்கும் இது ஒத்துவராது. சொந்தமாகவே வைத்திருக்க விரும்புவோர், உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, பழைய படம், வீட்டின் அளவு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்கட்டும். ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் மஹல்லாவின் பழைய வீடுகளுக்கு ஒரு பதிவேடு திறக்கலாம். அதற்கு வர்த்தமானியும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம். ஒரு கொப்பியும் அளவு நாடாவும் போதும்.