பலிபீடத்தருகே விரிந்த போர்வை

கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், வட இஸ்ரவேல் நாடு செழித்திருந்தது. எல்லைகள் விரிந்தன, தலைநகரான சமாரியாவில் செல்வர் மாளிகைகள் எழுந்தன. அந்நகரின் அகழ்வாய்வுகளில் கிடைத்த தந்தச் செதுக்குகளும், மதுவும் எண்ணெயும் வந்த கணக்கை மையால் எழுதிய மண்ணோடுகளும் அவ்வளத்திற்குச் சான்று பகர்கின்றன. பெத்தேல் திருத்தலத்தில் பலிகளுக்கும் பாடல்களுக்கும் குறைவில்லை. அங்குதான் தென்னாட்டுத் தெக்கோவாவிலிருந்து ஆமோஸ் வந்து நின்றார். ஆடு வளர்ப்பதும் காட்டத்தி மரங்களைப் பேணுவதும் அவர் தொழில்.

ஆமோஸின் உரைகள் பெரும்பாலும் கவிதையாக அமைந்தவை. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் எனச் சுற்றியிருந்தோரின் கொடுமைகளை முதலில் அவர் ஒரே வாய்பாட்டில் அடுக்குகிறார். அயலார் குற்றம் கேட்பது எவர்க்கும் இனிது. யூதாவையும் சேர்த்து ஏழு முறை சுழன்ற அவ்வாய்பாடு, எட்டாம் முறை கேட்போர் தலைமீதே இறங்குகிறது. வெள்ளிக்கு விற்கப்படும் நேர்மையாளனும், ஒரு சோடிச் செருப்புக்கு விலைபோகும் ஏழையும் இப்போது அவர்கள் முன் நிற்கின்றனர்.

அவ்வரிசையில் மறக்கவியலாத காட்சி ஒன்று உண்டு. அடகாகப் பெற்ற ஆடைகளை விரித்து, பலிபீடங்களின் அருகே மனிதர் சாய்ந்திருக்கின்றனர். தண்டமாகப் பறித்த மதுவைத் தம் இறைவன் இல்லத்தில் பருகுகின்றனர். யாத்திராகமத்திலுள்ள சட்டமோ, அடகு வாங்கிய மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பித்தரப் பணிக்கிறது. இரவில் ஏழைக்கு அதுவே போர்வை. எனவே பக்தன் கோயிலில் சாய்ந்திருக்கும் இரவில், எங்கோ ஒருவன் குளிரில் கிடக்கிறான். வழிபாட்டின் விரிப்பே கொள்ளைப் பொருளாகிவிட்டது. ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருந்து, மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் தானியமென விற்கும் வணிகரையும் ஆமோஸ் விடவில்லை. அவர்களும் நோன்பு தவறாதவர்களே.

பெத்தேலின் குரு அமத்சியா, இம்மனிதர் சதி செய்கிறார் என்று அரசனுக்குச் செய்தி அனுப்பினார். யூதாவுக்கே ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள்ளுமாறு ஆமோஸை விரட்டினார். அதற்கு அவர் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது: பெத்தேல் மன்னனின் திருத்தலமாம். அதை இறைவனின் இல்லம் என்று சொல்ல அவர் நாவு எழவில்லை. தாம் தொழில்முறைத் தீர்க்கதரிசி அல்லர் என்பதே ஆமோஸின் விடை. கி.மு. 722-ஐ ஒட்டிச் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

போர்வை வழக்கு அத்துடன் முடியவில்லை. 1960-இல் யாவ்னே கடற்கரையை ஒட்டிய சிறு கோட்டையொன்றில், கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த எபிரேய மண்ணோடு ஒன்று கிடைத்தது. அது அறுவடைக்காரர் ஒருவர் ஆளுநருக்குச் செய்துகொண்ட முறையீடு. உரிய வேலையை முடித்த பின்னும் தம் ஆடை பறிக்கப்பட்டது என்கிறார்; வெயிலில் உடன் அறுத்தவர்கள் தமக்குச் சாட்சி சொல்வர் என்கிறார். ஆமோஸ் பாடியது வெறும் உவமையன்று என்பதை அந்த ஓடு உணர்த்துகிறது.

ஆடையைப் பறித்தவனின் பெயர் ஓசாயாகு. ‘யாவே மீட்டார்’ என்பது அப்பெயரின் பொருள். அறுவடைக்காரரின் பெயர் அவ்வோட்டில் இல்லை.