மரபை மறுத்த மங்கையர்: ஜப்பானியக் 'கியாரு' கோலத்தின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாணைகளிலும் போர்க்களங்களிலும் மட்டுமே தேடுதல் போதாது. மகளிர் உடுத்த உடையிலும் முடித்த கூந்தலிலுங்கூட அந்நாட்டு மக்களின் மனப்போக்குப் பதிந்து கிடக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோக்கியோ நகரத்து ஷிபுயா வட்டாரத் தெருக்களில் இளம்பெண்களிடையே பரவிய 'கியாரு' என்னும் கோலத்தை வெறும் நாகரிகப் பித்து என்று ஒதுக்கியவர் பலர். அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் ஆராய்வோமாயின், பெண்ணுக்கு எது அழகு என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்ற பழைய வழக்கு அதனுள் மறைந்திருப்பது புலனாகும்.

முன்னோடிகள்

ஹெயான் காலத்து (794–1185) உயர்குடி மகளிர், புருவ மயிரைக் களைந்துவிட்டு நெற்றியில் மையால் புருவம் தீட்டிக்கொள்வர். பற்களுக்குக் கருஞ்சாயம் ஏற்றுவர். அக்காலச் சூழலில் எழுந்த பழங்கதை ஒன்றில் பூச்சிகளை விரும்பி வளர்க்கும் நங்கை ஒருத்தி வருகிறாள். அவள் புருவத்தைக் களையவும் மறுக்கிறாள். பற்களைக் கருமையாக்கவும் மறுக்கிறாள். அவளுடைய வெண்பற்களைக் கண்டு பணிப்பெண்களே முகஞ்சுளிக்கின்றனர். ஆனால் 1870-இல் மெய்ஜி அரசு, பல்லைக் கருமையாக்கும் அந்த வழக்கத்தை உயர்குடியினருக்குத் தடை செய்தது. பல நூற்றாண்டுகள் நல்லொழுக்கமாக விளங்கியது ஓர் ஆணையால் நாகரிகமின்மை ஆயிற்று!

1920-களில் கூந்தலைக் கத்தரித்து, மேலைநாட்டு உடையணிந்து கின்சா வீதியில் உலவிய 'மோகா' எனப்பட்ட புதுமைப் பெண்கள் ஏளனத்துக்கு ஆளாயினர். 1970-களில் 'சுகெபான்' எனப்பட்ட முரட்டு மாணவியர் கூட்டத்தார், பள்ளிச் சீருடைப் பாவாடையைக் கணுக்கால் வரை நீட்டிக்கொண்டனர். குட்டைப் பாவாடை உலகெங்கும் பரவியிருந்த காலத்தில் அவர்கள் நீளத்தையே எதிர்ப்பின் அடையாளமாகக் கொண்டது நோக்கத்தக்கது.

கியாரு என்னும் சொல்

இளம்பெண்ணைக் குறிக்கும் 'கேல்' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல்லே ஜப்பானியர் நாவில் 'கியாரு' ஆயிற்று. இக்கோலத்தின் கோயிலாக விளங்கிய கட்டடம் 1979-இல் திறக்கப்பட்ட 'ஷிபுயா 109' ஆகும். ஜப்பானியத்தில் 'தோ' பத்தையும் 'க்யூ' ஒன்பதையும் குறிக்கும். உரிமையாளரான தோக்யூ குழுமத்தின் பெயரே எண்ணாக நின்றது.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் கொழிப்பு சரிந்தது. படித்து முடித்தால் நிலையான வேலை, பின்னர் திருமணம் என்ற உறுதி தளர்ந்த காலம் அது. அப்போதுதான் 'கோகியாரு' எனப்பட்ட உயர்நிலைப்பள்ளி மாணவியர் தலையெடுத்தனர். இடுப்பில் சுருட்டிச் சுருட்டிப் பாவாடையைக் குறுக்கினர். தொளதொளத்த நீண்ட வெள்ளைக் காலுறைகளை, சரியாதிருக்கப் பசை தடவிக் காலில் ஒட்டிக்கொண்டனர். கருங்கூந்தலே வேண்டும் என்று பள்ளிகள் வற்புறுத்த, இவர்கள் அதனைப் பழுப்பாக்கினர். சுகெபான் மாணவியர் நீட்டியதை இவர்கள் குறுக்கினர். எனினும் விதித்த அளவை மீறுவதில் இரு தலைமுறையும் ஒன்றே.

ஒகினாவாவில் பிறந்த பாடகி அமுரோ நமியேயின் வெயில்பட்ட மேனியும் மெல்லிய புருவமும் உயர்ந்த காலணியும் இவர்களுக்கு முன்மாதிரியாயின. அவரைப் பின்பற்றியோர் 'அமுரா' எனப்பட்டனர். 1996-ஆம் ஆண்டின் சிறந்த புதுச்சொற்களுள் ஒன்றாக அச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1995-இல் தோன்றிய 'எக்' என்னும் இதழ், தெருவில் கண்ட பெண்களையே படம்பிடித்து வெளியிட்டது.

மொழியாசிரியர்கள் சுவைக்கத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. எண்களை மட்டுமே காட்டிய அக்காலத்து 'பேஜர்' கருவியில் இப்பெண்கள் எண்களையே எழுத்தாக ஆண்டனர். 0840 என்றால் 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம். 3341 என்றால் 'சமிஷீ', தனிமை வாட்டுகிறது என்பது பொருள். பெரியவர்கள் மொழிச்சிதைவு என்று வருந்திய இடத்தில், ஒலிக்கு எண்ணைப் பொருத்தும் நுட்பம் இருந்தது.

கருமுகக் கோலம்

வெண்ணிறம் ஏழு குறைகளை மறைக்கும் என்பது ஜப்பானியப் பழமொழி. 1999-ஐ ஒட்டிப் பரவிய 'கங்குரோ' கோலம் அந்தப் பழமொழியையே தலைகீழாக்கியது. இச்சொல்லுக்குக் 'கருமுகம்' என்று பொருள் கொள்வாரும், 'மிகக் கரியது' என்று பொருள் கொள்வாரும் உளர். மேனியை விளக்கொளியில் கருக்கி, உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் வெண்பூச்சு இட்டு, தடித்த அடியுடைய காலணியில் உயர்ந்து நின்றனர். இக்கோலத்தின் மிகை வடிவைத் தாங்கியோருக்கு 'யமன்பா' என்ற பெயர் வந்தது. அது பழங்கதையில் வரும் மலைக்கிழவியின் பெயர். நோ நாடகத்திலும் இடம்பெற்ற பெயர். கறுப்பின மக்களின் தோற்றத்தை விளையாட்டாக்குவது முறையோ என்று வினவியவரும் உண்டு, அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

பழியும் பயனும்

பணத்துக்காக மூத்த ஆடவருடன் பழகும் மாணவியர் பற்றிய செய்திகள் 1990-களில் பத்திரிகைகளை நிறைத்தன. உடனே பழுப்புக் கூந்தலும் தொளதொளத்த காலுறையும் உடைய பெண் ஒவ்வொருத்தியும் ஐயத்துக்கு ஆளானாள். பணம் கொடுத்த ஆடவரின் உடையைப் பற்றி எவரும் கட்டுரை எழுதவில்லை! அநீதி ஈண்டே இருந்தது.

பழிக்கப்பட்ட அப்பெண்களின் ஆற்றலோ வேறு வகையில் வெளிப்பட்டது. 109 கட்டடத்தின் விற்பனைப் பெண்கள் சிலர் நாடறிந்த முன்மாதிரிகளாயினர். வாங்க வந்தவர்கள் அவர்களைப் போலவே உடுத்த விரும்பினர். கியாருவாக இருந்து இளமையிலேயே நிறுவனம் நடத்திய ஃபுஜிதா ஷிஹோ, 2009-இல் அகிதா மாநிலத்தில் வயலில் இறங்கி, இளைஞரை உழவின்பால் ஈர்க்கும் முயற்சியாக நெல் விளைவித்தார்.

2008-க்குப் பின் மேலைநாட்டு மலிவுடைக் கடைகள் தோக்கியோவில் பெருகின. கைப்பேசித் திரை, தெருவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2014-இல் 'எக்' இதழ் நின்றது; 2018-இல் இணையத்தில் மீண்டும் எழுந்தது.

பல்லைக் கருமையாக்காத நங்கையை அக்காலம் பழித்தது. முகத்தைக் கருமையாக்கிய பெண்ணை இக்காலம் பழித்தது. இரண்டிலும் பெண்ணின் முகம் மாறியதே தவிர, அதனை அளந்த கோல் பிறர் கையிலேயே இருந்தது. வகுப்பறையில் மாணவியின் கூந்தலையும் பாவாடையின் அளவையும் நோக்குவோர், அவள் சொல்ல வருவதையும் சற்றே செவிமடுப்பாராயின், இவ்வரலாற்றைக் கற்றதன் பயன் கைகூடும்.