மலை ரயிலின் மாற்றுப் பாகங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 45.88 கிலோமீட்டர் நீளும் நீலகிரி மலை ரயில் பாதை ஒரே மூச்சில் போடப்பட்டதல்ல. 1891-இல் தொடங்கிய வேலை, எடுத்த கம்பெனி நொடித்துப் போனதால் நின்றது. புதிய கம்பெனி அதை 1899 ஜூனில் குன்னூர் வரை கொண்டுவந்தது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகத் தண்டவாளம் உதகையைத் தொட்டது 1908 அக்டோபரில். அதற்குள் அருவங்காட்டில் கார்டைட் ஆலை எழுந்துவிட்டது. 1903-04-இல் அது அமைந்தபோது ரயில் குன்னூரோடு நின்றிருந்தது. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வேண்டிய புகையில்லா வெடிமருந்துக்காகச் சீமைக் கப்பலைப் பார்த்துக்கொண்டிராமல் இங்கேயே செய்துகொள்வதுதான் ஆலையின் நோக்கம். அந்த ஊரைக் கடந்து ஓடிய ரயிலின் எஞ்சின்களோ அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு அயல்நாட்டிலிருந்தே வந்தன.

முதலில் வந்தவை மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவனம் கட்டியவை. 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலையிலிருந்து எக்ஸ் வகை எஞ்சின்கள் வந்தன. 1925 வரை பன்னிரண்டு, பிறகு 1952-க்குள் இன்னும் ஐந்து. இந்தப் பாதையின் கதை பெரும்பாலும் இந்தப் பதினேழு எஞ்சின்களின் கதைதான்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஒரு மீட்டர் உயர 12.5 மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரம் இந்த ஏற்றத்தைத் தாங்காது, வழுக்கிவிடும். ஆகவே சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு சட்டங்கள் பதிக்கப்பட்டன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறும். எக்ஸ் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். உயரழுத்த நீராவி முதலில் இரண்டில் புகுந்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டில் புகுந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். சமதளத்துக்கு வந்ததும் பல்சக்கரத்துக்கு ஓய்வு. நீராவியைச் சிக்கனமாகச் செலவிடும் அழகான ஏற்பாடு இது. பழுதுபார்ப்பவருக்கோ ஒரே உடலில் இரண்டு எஞ்சின்கள்.

ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழே நின்று தள்ளும். இறங்கும்போது அதே இடத்தில் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். இவ்வளவு இருந்தும் தேய்மானத்தின் பெரும்பங்கு பல்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. தேய்ந்த பல்லைத் தனியே மாற்றிப் பயனில்லை. புதியதும் தேய்ந்ததும் ஒரே அச்சில் கலந்தால் பாரம் ஒன்றின் மேலேயே ஏறிவிடும்; பழைய காரின் பானட்டைத் தாங்கும் இரட்டைத் தண்டுகளில் ஒன்றை மட்டும் மாற்றினால் பானட் ஒருபக்கம் கோணுவது போல.

அருவங்காடு வழியாக உதகைக்குப் போகும் மேல்பகுதியில் பல்சட்டம் கிடையாது. அங்கே சாய்வு குறைவு, டீசல் எஞ்சினே போதும். நீராவி எஞ்சினின் அன்றாடக் கவனிப்பு குன்னூர் லோகோ ஷெட்டில் நடக்கும். பெரிய வேலைகள் திருச்சிப் பொன்மலைப் பணிமனைக்குப் போகும். தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்தில் வைத்திருந்த பட்டறைதான் 1928-இல் பொன்மலைக்கு இடம் மாறியது.  

விண்டர்தூர் ஆலையின் ரயில் எஞ்சின் தொழில் 1990-களின் இறுதியில் வேறு கைகளுக்குப் போய்விட்டது. 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியத் தகுதி அளித்தது. தகுதிப் பத்திரத்தால் பாய்லர் புதுப்பிக்கப்படுவதில்லை. பழுது பார்த்தே பழகிய பொன்மலைப் பணிமனைதான் முழு எஞ்சினையும் செய்யத் துணிந்தது. 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் நான்கு புதிய எக்ஸ் எஞ்சின்கள் அங்கிருந்து வந்தன. 2021-இல் அதே பணிமனை நிலக்கரியில் ஓடும் எக்ஸ் எஞ்சினையும் கட்டி மலையேற்றியது.