நாமம் கறுத்த கதை

1911 வரை வட ஆற்காட்டோடு இருந்த சித்தூரில், 1970களில் ஒரு ஸ்டூடியோவில் நான் கையாளாக இருந்தேன். போட்டோ பிலிம் கிடைக்காத மாதங்களில் முதலாளி எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போடுவார். உதகமண்டலத்தில் 1960ல் தொடங்கி 1967 முதல் உற்பத்தி செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சரக்கு. 10-க்கு 12 அங்குல ஷீட்டில் கால் பிளேட் 6 தேறும்.

அதற்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, படம் எழும்புவதைக் கண்ணால் பார்த்தே கழுவலாம். சௌகரியம்தான். ஆனால் படத்தில் சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். திருப்பதியில் மொட்டை போட்டு வந்த ஒரு குழந்தைக்கு நாமத்தின் நடுக்கோடு கறுத்துப் போச்சு. “பெருமாள் நாமத்துல கரியாப்பா?” என்று பாட்டி அழுதுவிட்டார். நெகட்டிவில் பென்சில் தீட்டி வெளுக்க வைத்தோம். மொட்டைத் தலைச் சந்தனமும் மங்கித்தான் விழுந்தது. அவ்வளவு இடத்துக்குப் பென்சில் தீட்ட முடியுமா?

மருந்து இரண்டு பக்கமும் பூசியிருக்கும். தட்டில் அடிப்பக்கம் கீறிவிடும். 2010களில் அந்த ஆலையும் மூடியாச்சு. உங்கள் வீட்டுப் பழைய நெகட்டிவ் நீலச் சாயலாய், இரு பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் எக்ஸ்ரே பிலிமாக இருக்கலாம். அந்தப் படத்தில் அம்மாவின் குங்குமம் கறுப்பாகத்தான் இருக்கும்.